கோணி தைத்த பக்கம்

எங்கள் ஊரில் யாரும் கண்ணை நம்புவதில்லை. புடவையை விரித்துப் போட்டதும் முதலில் விரல்தான் போகும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் முந்தானையைப் பிடித்து ஒரு தேய்ப்பு, பிறகு திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் ஒரு பார்வை. விலை பேசுவதெல்லாம் அப்புறம்தான். நான் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சீனிவாசன் அண்ணன் ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவள். என்னிடம் வருகிற ஜனங்கள் கம்ப்யூட்டர் திரையைக்கூடத் தேய்த்துப் பார்ப்பார்கள். அந்தக் கைரேகைகளைத் துடைப்பதே எனக்கு ஒரு தனி வேலை.

அதனால்தான் டெக்ஸ்சர் என்றால் எனக்கு உயிர். விஷயம் ரொம்பச் சுலபம். போட்டோ என்பது வழவழவென்று ஒன்றுமில்லாத பரப்பு. அதற்குப் பின்னால் ஒரு துணியையோ பழைய காகிதத்தையோ சுண்ணாம்புச் சுவரையோ ஸ்கேன் பண்ணிப் பரப்பி, படத்தின் மேலும் அதையே மெல்லிசாகப் போர்த்தினால், தொட்டால் சொரசொரவென்று இருக்கும்போல ஒரு மயக்கம் வரும். எவ்வளவு போர்த்துவது என்பதில்தான் வேலை இருக்கிறது. கொஞ்சம் கூடிப்போனால் மாப்பிள்ளை முகத்தில் அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும்.

இரண்டாயிரத்து ஏழில் என் மாமனாருக்குச் சதாபிஷேகம் வந்தது. எண்பது வயது. பெயர் தேவராஜன். ரிட்டயரான கணக்கு வாத்தியார். சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோவிலுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. அவருடைய சின்னப் பிள்ளை ராம்ப்ரஸாத்தை நான் கல்யாணம் பண்ணிக்கொண்டது வாலாஜாபாத் சார்பதிவாளர் ஆபீசில். என் அப்பா முனுசாமி வாலாஜாபாத் அரிசி மில்லில் மூட்டை தைக்கிறவர். அம்மா லில்லி தென்னேரியில் சத்துணவு சமைக்கிறவள். நாங்கள் காலனி, அவர்கள் ஐயங்கார். இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. கல்யாணமாகி ரெண்டு வருஷம் கழித்து என்னைக் கூடத்துக்குள் விட்டார்கள். இன்னும் ஒரு வருஷம் கழித்துச் சமையலறைக்குள் விட்டார்கள். அதற்குள் நானும் ராமும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தனிக்குடித்தனம் வைத்துக்கொண்டு, எங்கள் சமையலறையில் கருவாடு வறுக்க ஆரம்பித்துவிட்டோம்.

ஆல்பம் போடலாம் என்று யோசனை சொன்னது என் ஓரகத்தி மானஸா. மூத்தவர் ப்ரஹ்லாத்தின் மனைவி, இருப்பது நியூ ஜெர்சியில். அங்கே பெண்களுக்கு இது ஒரு பொழுதுபோக்காம். குடும்பப் போட்டோக்களை வைத்துக் கம்ப்யூட்டரில் பக்கம் பக்கமாகச் சோடித்துப் புத்தகமாக்குவது. பட்டன், ரிப்பன், கிழிந்த காகிதம், காய்ந்த இலை எல்லாம் இன்டர்நெட்டில் விற்கிறதாம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம், மீதிப் பக்கங்களில் அப்பாவின் பழைய படங்கள். மானஸாவின் பக்கம் ஈமெயிலில் வந்துவிடும், அச்சுக்குக் கொடுத்துக் கட்டி எடுப்பதைக் கலை, அதாவது நான், பார்த்துக்கொள்ளட்டும், அவள்தானே ஃபீல்டில் இருக்கிறாள் என்று முடிவாயிற்று. கூலி பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டு மருமகளாக ஒரு வேலைக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மனசு பறந்தது என்றே சொல்லலாம்.

மானஸாவின் பக்கம் முதலில் வந்தது. அவர்களுடைய வீடு, வாசலில் பனி, குழந்தைகள் கையில் கம்பளி உறை. பின்னால் முழுக்க ஒரு கோணிச்சாக்கு. ஆமாம், சாட்சாத் கோணிதான். நூல் நூலாகத் தெரிகிற சணல், ஓரத்தில் பிசிறு. அதை அமெரிக்காவில் காசு கொடுத்து வாங்கியிருந்தாள்.

என் மாமியார் சூடாமணி, ப்ரஹ்லாத் வாங்கிக் கொடுத்திருந்த கம்ப்யூட்டர் முன்னால் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து பார்த்தார். "என்ன களையா இருக்கு பாரேன்! அந்தத் துணி மாதிரி இருக்கே, அது என்னவோ போ, ரொம்ப கௌரவமா இருக்கு" என்றார். விரலால் திரையைத் தேய்த்தும் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் என் பக்கத்துக்கு என்ன டெக்ஸ்சர் என்று அந்த நிமிஷமே தீர்மானமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தென்னேரிக்குப் போனேன். அப்பா ஏரிக்கரையில் குளித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தார். நல்ல கோணி ஒன்று வேண்டும், மில் முத்திரை போட்டதாக, நீங்களே தைத்த வாயோடு வேண்டும் என்றேன்.

"இன்னாமா, கம்ப்யூட்டர்ல நெல்லு கொட்டப் போறியா?" என்று சிரித்தார்.

விஷயத்தைச் சொன்னேன். எங்கள் கல்யாணத்துக்கு இருப்பது ஒரே ஒரு படம்தான். சார்பதிவாளர் ஆபீஸ் வேப்பமரத்தடியில் எடுத்தது. நடுவில் நானும் ராமும், என் பக்கம் அப்பா, ராம் பக்கம் அம்மா. அவர்கள் வீட்டிலிருந்து யாரும் வராததால் அம்மாதான் மாப்பிள்ளைக்குத் துணையாக அந்தப் பக்கம் போய் நின்றாள். அந்தப் படத்தைக் கோணி மேல் வைக்கப் போகிறேன் என்றேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அதுல என் கண்ணு மூடிக்கினு இருக்குதேடி" என்றாள். ஆனால் முகம் மலர்ந்துதான் இருந்தது.

"விசேஷத்துக்கு வருவீங்கதானப்பா?" என்றேன்.

"கூப்ட்டாங்களா?"

"உங்க மாப்ள போன் பண்ணாரே."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "போன்ல கூப்ட்டா வர்றதுக்கு நான் இன்னா கரண்டு ரிப்பேர் பண்றவனா? சம்பந்திய கூப்புடறதுன்னா வூட்டுக்கு வரணும்மா. தட்டுல வெத்தல பாக்கு, பழம், பத்திரிகை வெச்சி நீட்டணும். என் வூட்ல தண்ணி குடிக்க வேணாம். உள்ள வந்து குந்தக்கூட வேணாம். வாசல்ல நின்னாவது நீட்டணும். அவங்க வூட்டுப் புள்ளய நான் பேர் சொல்லிக் கூப்புடறது கூட இல்ல, மாப்ளன்னுதான் கூப்புடறேன். எனக்கு மட்டும் மரியாத வேணாமா?"

அம்மா, "நான் புதுப் பொடவ கூட எடுத்து வெச்சிருந்தேன்" என்றாள். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல உள்ளே போய்விட்டாள்.

கோணியோடு பஸ்ஸில் திரும்பி வந்தபோது எனக்குக் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் தட்டோடு போனார்கள். மெட்ராஸில் இருக்கிற ஒன்றுவிட்ட இரண்டுவிட்டதுகளுக்கெல்லாம் வாடகைக்கார் வைத்துக்கொண்டு போனார்கள். அந்தக் கார் வாலாஜாபாத் வழியாகத்தான் போயிருக்கும். அங்கேயிருந்து தென்னேரிக்கு ஒரு திருப்பம் திரும்பினால் போதும்.

கோணியை ஸ்டூடியோ ஸ்கேனரில் போட்டு எடுத்தேன். சீனிவாசன் அண்ணன் கண்ணாடியில் சிந்திய தவிட்டைப் பார்த்து முறைத்தார். பக்கத்தைக் கட்டியதும் அவரே வந்து பின்னால் நின்று, "சூப்பரா வந்துக்குதும்மா" என்றார். மானஸா வாங்கிய கோணியில் மண் இல்லை, எண்ணெய்க்கறை இல்லை, கொக்கி மாட்டி இழுத்த ஓட்டை இல்லை. என்னுடையதில் எல்லாம் இருந்தது. நீல மையில் மில் முத்திரை பாதி அழிந்து கிடந்தது. படத்தில் அப்பாவின் வெள்ளைச் சட்டை மேல் சணல் மெல்லிசாகப் படிந்து, கஞ்சி போட்ட துணி மாதிரி நிமிர்ந்து நின்றது.

மாமியார் வீட்டில் அதைப் போட்டுக் காட்டினேன். முதல் நாளே ஈமெயிலில் அதைப் பார்த்திருந்த மானஸா அமெரிக்காவிலிருந்து வெப்கேமில் இருந்தாள்.

"இது என்னம்மா? கோணியா?" என்றார் மாமியார்.

"ஆமாம் அத்தை. மானஸா அக்கா பக்கத்தில் இருக்கிறதும் கோணிதான்."

"அது வேற. அது டிசைன். இதுல அரிசி மில்லுன்னே எழுதியிருக்கே. பெரியவாளெல்லாம் பாக்கற புஸ்தகம். நம்மாத்துக் கூறைப்புடவையை எடுத்துப் போட்டிருக்கப்படாதோ?"

"எனக்கு யாரும் கூறைப்புடவை கொடுக்கலையே அத்தை."

மானஸா குரலில் சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு வந்தாள். "கலை, கோச்சுக்காதே. கோணி இருக்கட்டும், ரஸ்டிக்காத்தான் இருக்கு. ஆனா டார்ன் எட்ஜ்னு ஒரு எஃபெக்ட் இருக்கு தெரியுமோ? போட்டோவோட ரெண்டு ஓரமும் கிழிஞ்ச பேப்பர் மாதிரி வரும். ரொம்ப ஆர்ட்டிஸ்டிக். நடுவுல நீயும் ராமும் மட்டும் நிப்பேள். நானே ஒரு சாம்பிள் பண்ணி அனுப்பியிருக்கேன், பாரு."

திறந்து பார்த்தேன். நன்றாகத்தான் செய்திருந்தாள், தொழில் சுத்தம். இடது ஓரத்துக் கிழிசலில் அப்பா ஒரு தோள் நீங்கலாகப் போயிருந்தார். வலது ஓரத்தில் அம்மா மொத்தமாகப் போயிருந்தாள். ராமின் முழங்கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் மட்டும் மிச்சம்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் என் தொழில் மேல் வந்த கோபம். கட்டி எழுப்புவதற்கென்று நான் நினைத்திருந்த வித்தையை வைத்து, ரெண்டு மனுஷர்களை இப்படி அழகாகக் கிழித்துப் போட முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அந்த ரெண்டு பேரும் இருப்பாங்க" என்றேன்.

"அவாளை வேண்டாம்னு நான் சொல்லலை" என்றார் மாமியார். "அப்பாவோட சதாபிஷேகப் புஸ்தகம். நம்மாத்து மனுஷா இருந்தா போறும்னுதான்."

"அப்ப நான் யாராத்து மனுஷி அத்தை? எங்க அப்பா அம்மாவை வெட்டிட்டா நான் எங்கிருந்து வந்தேன்? வேப்பமரத்துலயா காய்ச்சேன்? இன்னொண்ணும் கேக்கறேன். ஊர் முழுக்கத் தட்டோட போனீங்க. தென்னேரிக்கு எப்ப போகப் போறீங்க?"

"அதான் ராம் போன் பண்ணிட்டானே."

ராம் பக்கத்திலேயே நின்றுகொண்டு செல்போனைப் பார்த்தான். நல்லவன். வெளியில் எனக்காக ஊரோடு சண்டை போடுவான். அம்மா முன்னால் வந்தால் மட்டும் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "ஒரு நாள் விசேஷம், கலை. பெரிசு பண்ணாத" என்றான்.

"ஒரு நாள் விசேஷம்தானே, நீங்களும் பெரிசு பண்ணாதீங்க" என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். "என் பக்கம் இப்படித்தான் வரும். கோணியும் இருக்கும், எங்க அப்பா அம்மாவும் இருப்பாங்க. பிடிக்கலைன்னா இப்பவே சொல்லுங்க. சிடியைக் கொடுத்துடறேன். வேற ஸ்டூடியோவுல போட்டுக்கோங்க. என் பக்கமே வேணாம்."

யாரும் சிடியைக் கேட்கவில்லை. விசேஷம் நெருங்கிவிட்டது, வேறு ஆள் பிடிக்க நேரமில்லை. 'சொல்லுவா, அப்புறம் நாம சொன்னபடி செஞ்சுடுவா' என்று மாமியார் ராமிடம் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அந்த அம்மாளுக்கு இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை.

சென்னை லேபிலிருந்து ஆல்பம் கட்டி வந்தது. பக்கங்கள் அட்டை கனத்துக்கு இருந்தன. ஸ்டூடியோவிலேயே பிரித்து என் பக்கத்துக்குப் போனேன். நிறம் அருமை. முத்திரை தெளிவு. அம்மாவின் மூடிய கண்கூட அழகாக விழுந்திருந்தது. பிறகு என் கையும் ஊர்க் கைதானே, தானாகப் போய்த் தேய்த்தது.

வழவழ. மானஸாவின் கோணியைத் தேய்த்தேன். அதுவும் அதே வழவழ. சண்டை போட்டு, பேச்சு வாங்கி, கணவனோடு ரெண்டு நாள் பேசாமல் இருந்து கொண்டுவந்த கோணி, விரலுக்கு அமெரிக்கக் கோணியாகத்தான் இருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை.

மிச்சமிருந்த கோணியில் முத்திரைக்குக் கீழே, அப்பா தைத்த வாயோடு சேர்த்து ஒரு கை அகலத்துக்கு வெட்டினேன். படத்துக்கு அடியில் வைத்துப் பார்த்தேன், பொருந்தியது. குத்தூசியால் அட்டையில் வரிசையாக ஓட்டை போட்டேன். கோணி ஊசியில் சணலைக் கோர்த்தேன்.

சீனிவாசன் அண்ணன் பதறிப்போனார். "ஏம்மா, பைத்தியமா உனக்கு? தையல் பின்பக்கம் தெரியும்மா! அந்தப் பக்கம் யார் படம் இருக்குது?"

திருப்பிப் பார்த்தேன். ப்ரஹ்லாத்தின் அமெரிக்க வீடு. பனிக்கு மேலே சணல் தையல் போகும்.

"தெரியட்டும்ணா" என்று சொல்லி இழுத்துத் தைத்தேன்.

சதாபிஷேகம் கோவில் பக்கத்து மண்டபத்தில் நடந்தது. சல்லடை பிடித்து, அதன் வழியாகக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, மந்திரமெல்லாம் முடிந்து, மாமனாரையும் மாமியாரையும் புதுத்துணி உடுத்தி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். விசேஷத்துக்காக வந்திருந்த மானஸா ஆல்பத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள். எங்களைச் சுற்றி உறவுக்கூட்டம் நின்றது. மாமனாருக்கு ரெண்டு கண்ணிலும் புரை. விசேஷம் முடியட்டும் என்று ஆபரேஷனைத் தள்ளிப்போட்டிருந்தார். வெளிச்சம் தெரியும், முகம் தெரியாது. ஆகவே மானஸா ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டி, "இது நீங்க வேலைக்குச் சேர்ந்தப்போ எடுத்தது, இது ப்ரஹ்லாத் பொறந்தப்போ" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அவர் கை பக்கங்களைத் தேய்த்துக்கொண்டே வந்தது. "எல்லாம் வழவழன்னு ஒண்ணாவே இருக்கே. பாக்கறவாளுக்குத்தான் போலிருக்கு" என்றார்.

அமெரிக்க வீட்டுப் பக்கம் வந்தது. பனியின் மேல் குறுக்கே ஓடிய சணல் தையலைப் பார்த்து மானஸாவுக்குப் பேச்சு நின்றுபோனது. ப்ரஹ்லாத், "வாட் இஸ் திஸ்?" என்றார். என்னவென்று பார்க்கப் பக்கத்தைத் திருப்பியதும் மாமனாரின் விரல் கோணியில் போய் முட்டியது.

அவர் கை நின்றது. பிறகு கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலுமாகப் பிசிறைப் பிடித்துத் தேய்த்தார். தையல் மேல் விரலை ஓட்டினார். ஒரு முடிச்சில் நிறுத்தினார்.

"இது யாரோட பக்கம்?"

"அது ஒண்ணுமில்லப்பா, சும்மா டிசைன்" என்று மானஸா அடுத்த பக்கத்தைப் புரட்டப் போனாள். அவர் கையை எடுக்கவில்லை.

நான் முன்னால் வந்து நின்றேன். மேளக்காரர்கள் அப்போதுதான் ஓய்ந்திருந்தார்கள். நான் பேசியது மண்டபம் முழுக்கக் கேட்டது.

"என் பக்கம் மாமா. மேல இருக்கிறது எங்க கல்யாணப் படம். இந்தப் பக்கம் எங்க அப்பா முனுசாமி, அந்தப் பக்கம் எங்க அம்மா லில்லி. கையில இருக்கிறது எங்க அப்பா மில்லுல தைச்ச கோணி. முடிச்சு அவர் போட்டது. அட்டையோட சேர்த்துத் தைச்சது நான்."

யாரோ இருமினார்கள். மாமியார் என் முழங்கையைப் பிடித்து, "எல்லாரும் பாக்கறா. அதைப் பிரிச்சு எடுத்துடும்மா, உனக்குப் புண்ணியமாப் போறது" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பிரிக்கலாம் அத்தை. பிரிச்சா உங்க பெரிய பிள்ளை வீட்டுல வரிசையா ஓட்டை விழும். பரவாயில்லையா?"

மாமனார் இதையெல்லாம் கேட்டாரோ இல்லையோ, கோணியை விடாமல் பிடித்துக்கொண்டு கேட்டார். "சம்பந்தி எங்கே? முன்னாடி உக்காத்தி வெச்சிருக்கேளோல்லியோ?"

ராம் தரையைப் பார்த்தான்.

"அவங்க வரலை மாமா" என்றேன். "நீங்க கூப்பிடலை."

"கூப்பிடலையா?"

"ராம் போன்ல..." என்று ஆரம்பித்தார் மாமியார்.

"போன்லயா?" என்றார் அவர். அவர் முகம் சிவந்தது. எனக்கு அவரிடம் இரக்கம் வந்தது. ஆனால் முழுசாக வரவில்லை. எண்பது வயதுக்காரர், வீட்டுப் பெரியவர், பத்திரிகை அடித்த நாளிலிருந்து இந்தக் கேள்வியை ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். கண் தெரியாவிட்டால் என்ன, வாய் இருந்ததே. கோணி குத்தின பிறகுதான் கேட்கத் தோன்றியது.

"டேய் ராம், காரை அனுப்புடா. பந்தி போடறதுக்குள்ள அவாளை அழைச்சுண்டு வந்துடு. நான் போன்ல பேசறேன்" என்றார் மாமனார்.

ராம் நிஜமாகவே கிளம்பிவிட்டான். நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"வேணாம் மாமா. எல்லாம் முடிஞ்ச பிறகு பந்தியில வந்து உக்கார எங்க அப்பா வரமாட்டார். வந்தாலும் நான் விடமாட்டேன். நீங்க எல்லார் வீட்டுக்கும் எப்படிப் போனீங்களோ அப்படிப் போகணும். தட்டு, வெத்தலை பாக்கு, பழம். விசேஷம் முடிஞ்சுட்டா பரவாயில்லை. இன்னொரு விசேஷம் வெச்சுக் கூப்பிடுங்க. போன் மட்டும் பண்ணாதீங்க."

இந்தத் தெருவில் இனி ஒரு வருஷத்துக்குப் பேச்சு நான்தான் என்று புரிந்தது. புரிந்ததும் முதுகு நிமிர்ந்தது, குனியவில்லை. ராம் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, அம்மாவைப் பார்த்து, "கலை சொல்றது சரிதாம்மா. நான் போன் பண்ணியிருக்கக்கூடாது. தட்டோட போயிருக்கணும்" என்றான். அவனுக்கு நாக்கு ஒட்டவில்லை. ஒரு வழியாக.

மாமனாரின் விரல் அந்த முடிச்சையே நெருடிக்கொண்டிருந்தது. பிறகு தலை நிமிர்ந்து, என் குரல் வந்த திசையைப் பார்த்தார்.

"சூடாமணி, ஒரு தட்டு எடுத்து வை. நாளைக்குக் கார்த்தாலே நானே தென்னேரிக்கு வரேன்மா" என்றார்.

"காலையில எங்க அப்பாவுக்கு மில்லு இருக்கு" என்றேன். "சாயங்காலம் வாங்க."